அண்ணையின் வாக்கு

அரசாங்கப் பதிவின்படி என் மனைவி என் அண்ணையோடு குடியிருக்கிறாள் என்பதை நான் அறிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அச்சுவேலியில், கிராம சேவகர் அலுவலகத்தின் அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டுதான்.

திருத்தம் செய்த வாக்காளர் பெயர் இடாப்பை அங்கே பார்வைக்கு வைத்திருந்தார்கள். ஊரில் ஒருவரும் அதைப் போய்ப் பார்ப்பதில்லை. நான் ஆண்டுதோறும் பார்ப்பேன். நாட்டுப் பக்தியால் அல்ல. படலையைப் பூட்டினேனா என்று சந்தி வரை போய்த் திரும்பி வருகிற வகை மனிதன் நான். எங்கள் வீட்டு இலக்கத்துக்கு நேரே இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று என் தமையனான அண்ணையின் பெயர். அவர் சுவிற்சலாந்துக்குப் போய் நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. மற்றது என் மனைவியின் பெயர். என்னுடையதைக் காணவில்லை.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் தேடினேன். அங்கே, மூன்று ஆண்டுகளுக்கு முன் நானே சுடலை வரை கூடப்போன ஒரு பெரியவர் இன்னும் வாக்காளராக இருந்தார். செத்தவர் இருக்கிறார், நாட்டை விட்டுப் போனவர் இருக்கிறார். ஊரே இடம்பெயர்ந்த மாதங்கள் போக, ஐம்பத்து நான்கு ஆண்டுகளாக இந்த ஊரை விட்டு ஒருநாளும் பத்து நாட்களுக்கு மேல் விலகியிராத நான் இல்லை.

எங்கள் வயதுக்காரருக்குப் பட்டியல் என்றாலே வயிறு ஒருமுறை புரளும். வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை எழுதி வைத்து, கேட்ட நேரம் காட்ட வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. பட்டியலில் இல்லாதவர் நின்றால் ஏன் நிற்கிறார் என்று கேட்பார்கள். இருப்பவர் நிற்காவிட்டால் எங்கே என்று கேட்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். வயிற்றுக்கு யாரும் இன்னும் அறிவிக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஏறி ஓடலாம் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

"இஞ்சேரும், விதானையார் வந்தாப்போலை நீர் என்ன சொன்னனீர்?" என்று மனைவியைக் கேட்டேன். கிராம சேவகர் என்று தாளில் எழுதினாலும், வாயில் எங்களுக்கு அவர் இன்றைக்கும் விதானையார்தான். இப்போதுள்ளவர் ஒரு பெண்பிள்ளை. அவரையும் அப்படித்தான் சொல்கிறோம்.

"என்ன சொன்னனான்? கேட்டதுக்குச் சொன்னனான்."

"அதுதான், என்ன கேட்டவ?"

மனைவி வெங்காயத்தை வைத்துவிட்டு யோசித்தாள். "அவ படலையடியிலை நிண்டு இடாப்பைப் பாத்துப் பாத்துக் கேட்டவ. 'அக்கா, உங்கடை அவர்?' எண்டு கேட்டா. நீங்கள் அப்பத்தான் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனனீங்கள். 'அவர் வெளியிலை' எண்டன்."

எனக்கு விளங்கத் தொடங்கியது.

"பேந்து 'மூத்தவர்?' எண்டா. நல்ல பிள்ளை, சுகம் விசாரிக்குது எண்டு நினைச்சன். 'அவர் இருக்கிறார்' எண்டன்."

யாழ்ப்பாணத்தில் 'வெளியிலை' என்ற சொல் வீட்டுக்கு வெளியே என்ற பொருளை இழந்து நெடுங்காலமாகிவிட்டது. 'மகன் எங்கை?' 'வெளியிலை.' அவ்வளவுதான். எந்த நாடு என்பது அடுத்த கேள்வி. பாண் வாங்கப் போகிறவர்களை அச்சொல் இப்போது கணக்கில் எடுப்பதில்லை. அதேபோல, நாற்பது ஆண்டுகளாகக் காணாத ஒருவரைப் பற்றி 'இருக்கிறார்' என்றால், உயிரோடு, சுகத்தோடு இருக்கிறார் என்று அர்த்தம். கையில் இடாப்போடு நிற்கிற ஒருவருக்கோ அது, இந்த வீட்டில் இருக்கிறார் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. இரண்டு நல்ல தமிழ்ச் சொற்களால் என் மனைவி என்னை நாடு கடத்திவிட்டு அண்ணையைக் கூட்டி வந்துவிட்டாள்.

"அதுக்கென்ன," என்றாள். "போய்ச் சொல்லி உங்கடை பேரைப் போடுங்கோவன்."

"போனால் அண்ணையின்ரை பேரையும் பாப்பினமல்லோ."

அவள் வெங்காயத்தை மறுபடி எடுக்கவில்லை.

அண்ணையின் பெயர் அங்கே இருந்தது தற்செயல் அல்ல. அவர் போகும்போது அவருக்குப் பதினெட்டு ஆகவில்லை. வயது வந்ததும் அம்மா படிவத்தில் அவர் பெயரை எழுதினார். பெயரை எழுதாவிட்டால் ஆளே இல்லை என்று ஆகிவிடும் என்பது அம்மாவின் எண்ணம். அம்மாவுக்குப் பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது. நானும் எழுதினேன். கேட்டவர் இல்லை. ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான். ஆண்டுக்கொரு முறை பயந்துகொண்டே எழுதுவேன், அவ்வளவுதான்.

அண்ணை அங்கே ஒரு சிறு பட்டினத்துச் சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் வேலை செய்கிறார். அந்த நாட்டுக் குடியுரிமைக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தார். அந்த ஊர்க்காரர்கள் சிலர் மேசை போட்டு இருந்து கேள்வி கேட்டார்களாம். ஊருக்குப் பின்னால் நிற்கிற மலையின் பெயர் என்ன என்பது ஒரு கேள்வி. "இருவத்தைஞ்சு வருசம் அந்த மலையைப் பாத்துக்கொண்டு கோப்பை கழுவினனான். பேர் தெரியும். அந்த நேரம் வாயிலை வரேல்லை" என்றார். அதற்குப் பிறகு விட்டுவிட்டார். இலங்கைக் கடவுச்சீட்டுத்தான் வைத்திருக்கிறார். அங்கே குடிமகன் அல்ல, அதனால் வாக்கில்லை. இங்கே குடிமகன், ஆனால் ஆள் இல்லை, வெளிநாட்டில் இருந்து போடவும் வழியில்லை. ஐம்பத்தேழு வயது வரை உலகத்தின் எந்த மூலையிலும் ஒரு புள்ளடி போடாத மனிதர். வாக்குச்சீட்டில் நாங்கள் போடும் பெருக்கல் அடையாளத்துக்குப் புள்ளடி என்று பெயர். பறவையின் கால் பட்டதுபோல இருப்பதால்.

புள்ளடி போடாத குறையை அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் தீர்த்துக்கொள்வார். அரியாலையில் எந்தக் கட்சி நலிந்துவிட்டது, பருத்தித்துறையில் யார் யாரோடு கதைக்காமல் இருக்கிறார் என்பதெல்லாம் எனக்கு அங்கிருந்துதான் தெரியவரும். சென்ற தேர்தலில் நான் வாக்குப் போடவில்லை என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஏன்?"

"மழை அண்ணை."

"அதுக்கு முந்தினதுக்கு?"

"கலியாண வீட்டுச் சாப்பாடு. வயித்துக் குத்து."

மறுமுனையில் பாத்திரம் கழுவும் யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "டேய், நான் அங்கை நிண்டிருந்தால் தவண்டு போயெண்டாலும் போட்டிருப்பன். உனக்கு வாக்கு கைக்கெட்டின தூரத்திலை கிடக்குது. அதுதான் உனக்கு நோய்."

அன்றைக்கே சொல்லிவிட்டார், அடுத்த சனாதிபதித் தேர்தலுக்கு வருவதாக. முதலாளியிடம் விடுமுறைக்கும் சொல்லி வைத்துவிட்டார். "என்ரை பேர் கிடக்குத்தானே இடாப்பிலை?" என்று கேட்டார். "கிடக்குது" என்றேன். அந்தத் தேர்தல் ஆண்டு முடிவதற்குள் வர இருந்தது. அந்த நேரத்தில்தான் இது.

உரிமைக் கோரிக்கை கொடுக்கப் பத்து நாட்கள் இருந்தன. ஒன்பதை நான் யோசனையில் செலவழித்தேன். கோரிக்கை கொடுக்காவிட்டால் அண்ணையின் பெயர் தப்பும். நான் போய்விடுவேன். கொடுத்தால் இரண்டையும் கிளறுவார்கள். என் பெயர் போனால் வாக்கு மட்டுமா போகும்? நாளைக்கு எதற்காவது வதிவிடச் சான்று என்று கேட்டால் என்ன செய்வேன்? 'இந்த முகவரியில் தாங்கள் வசிப்பதாகப் பதிவில்லை' என்று ஒரு கடிதம் இந்த முகவரிக்கே வருவதாகக் கற்பனை செய்தேன். தபாற்காரர் கையெழுத்துக் கேட்பார். நான் போடலாமா?

"விசர்க் கதை கதையாதேங்கோ," என்றாள் மனைவி. "போய் உங்கடை பேரை மட்டும் கேளுங்கோ. அண்ணையைப் பற்றி வாய் திறவாதேங்கோ. அவ கேட்டால் நான் சொன்னதையே சொல்லுங்கோ, இருக்கிறார் எண்டு. பொய்யில்லைத்தானே?"

பத்தாம் நாள் போனேன். விதானைப் பிள்ளை என்னைக் கண்டதும் கதிரையைக் காட்டினார்.

"ஐயா எப்ப வந்தனீங்கள்?"

என் மனைவியை அக்கா என்றவர் என்னை அண்ணை என்று அழைத்திருக்கலாம். அது கிடக்கட்டும். "நான் போகேல்லைப் பிள்ளை," என்றேன்.

"அக்கா வெளியிலை எண்டல்லோ சொன்னவ?"

"பாண் வாங்கப் போனனான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்தார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகம் அரசாங்க முகமாகிவிட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. இந்த ஒழுங்கையிலை ஏழு வீட்டிலை கேட்டனான். ஏழு வீட்டிலையும் வெளியிலை எண்டுதான் சொன்னவை. மற்ற ஆறும் சரி."

படிவம் தந்தார். நிரப்பினேன். அடியில் சிறிய எழுத்தில் இரண்டு வரிகள். மற்றவர்கள் வாசிக்காத சிறிய எழுத்துகளை வாசிப்பது என் வாழ்நாள் நோய். வீட்டாரைப் பற்றித் தரப்பட்ட விபரங்கள் உண்மையென உறுதிப்படுத்துகிறேன் என்றும், பொய்யாயின் தண்டனைக்குரியது என்றும் இருந்தது. பேனையை வைத்தேன். எடுத்தேன்.

"வேறை மாற்றம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று அவர் இடாப்பைப் பார்த்தபடி கேட்டார். "மூத்தவர் இருக்கிறார்தானே?"

"இருக்கிறார்," என்றேன். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். மனைவியாயிருந்தால் நிறுத்தியிருப்பாள். என் வாய் மேலும் இரண்டு சொற்கள் போயிற்று. "சுவிஸிலை இருக்கிறார்."

இதை நேர்மை என்று எழுத எனக்கு ஆசைதான். அது பயம்.

விதானைப் பிள்ளை பேனையை மூடினார். "ஐயா, உதை நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம்."

"ஓம்."

"சொன்னாப்பிறகு நான் கேக்கேல்லை எண்டு இருக்கேலாது. எத்தினை வருசம்?"

"நாப்பது."

"அப்ப வழக்கமா இஞ்சை இருக்கிற ஆள் எண்டு எப்பிடிப் போடுறது?" குரலில் கண்டிப்பு இல்லை. "வெளியிலை இருக்கிற ஆக்களுக்கும் வாக்குக் குடுக்கவேணும் எண்டு கதைக்கினம். என்ரை தமையனும் அங்கைதான், லண்டனிலை. சட்டம் வந்தால் முதல் ஆளா நானே பதிஞ்சு தாறன். இப்ப வெட்டத்தான் வேணும்." சிவப்பு மையால் அண்ணையின் பெயருக்கு மேலே ஒரு கோடு இழுத்தார். அடிமட்டம் வைத்து, நேராக. அருகில் என் பெயரை எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கப் பயந்து அன்று பின்னேரமே அழைத்தேன். சுற்றி வளைத்து, மழையிலிருந்து தொடங்கினேன்.

"ஆர் செத்தது?" என்றார் அண்ணை.

"ஒருத்தரும் இல்லை. உங்கடை பேரை வெட்டிப்போட்டினம்."

"ஆர் சொல்லிக் குடுத்தது?"

கதை எழுதுகிறவன் நான்; செய்தவரைச் சொல்லாமல் தப்பவிடும் செயப்பாட்டு வினை எத்தனையோ இடங்களில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. அன்று கைவிட்டது. "நான்தான்" என்றேன்.

 யாரோ அந்நிய மொழியில் அவரைக் கூப்பிட்டார்கள். அவரும் அந்த மொழியில் ஒரு சொல் சொன்னார். பிறகு என்னிடம், "சரி, வை. வேலையிலை நிக்கிறன்" என்றார்.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அரியாலையின் நிலவரம் எனக்குத் தெரியாமல் போயிற்று. தேர்தல் தேதி அறிவித்த வாரத்தில் வட்சப்பில் ஒரு விமானச் சீட்டின் படம் வந்தது. கீழே ஒரு வரி: 'நீ ஒழுங்காய்ப் போடுறியோ எண்டு பாக்க வாறன்.'

வந்தார். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தார். திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. தேர்தலுக்கு முதல்நாள் சாப்பாட்டு மேசையில் விடயத்துக்கு வந்தார்.

"உனக்கு வாக்கு ஒண்டு கிடக்குது. எனக்கிருந்ததை நீ பறிச்சனி. அப்ப நியாயப்படி உன்ரை வாக்கு ஆருடையது? என்ரை ஆளுக்குத்தான் நீ போடவேணும்."

"அண்ணை, நீங்கள் சொல்லுற ஆளுக்கு நான் போடமாட்டன். அந்தாள் சரியில்லை."

"உனக்கு ஆர் சரி? மழை வந்தால் வீட்டிலை கிடக்கிறவனுக்கு ஆர் சரி?"

என் மனைவி, ஆளுக்கொரு இடியப்பம் வைத்தபடி, "இந்தத் தேர்தலிலை ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு விருப்பம் போடலாமல்லோ," என்றாள். "ஒண்டை நீங்கள் வைச்சுக்கொண்டு ரெண்டை அண்ணைக்குக் குடுங்கோவன்."

"ரெண்டை ஆர் எண்ணுறது?" என்றார் அண்ணை. "முதல் எண்ணிக்கையிலை ஒருத்தரும் பாதிக்கு மேலை எடுக்காட்டித்தான் ரெண்டைத் தேடுவினம். எனக்கு ஒண்டு வேணும்."

"ரெண்டு," என்றேன். சந்தையில் வாழைக்குலைக்குப் பேரம் பேசுவதுபோல நின்றோம். தீராமலே எழும்பினோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மனைவி முதல் வேலையாகப் பெண்கள் வரிசையில் நின்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணை படலை வரை வந்தார். பொலிஸ்காரர் வாக்காளர் அறிவித்தல் அட்டையைக் கேட்டார். நான் என்னுடையதைக் காட்டினேன். அண்ணை கடவுச்சீட்டைக் காட்டினார். பொலிஸ்காரர் அதைப் புரட்டிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, மதிலுக்கு அந்தப்பக்கம் கையைக் காட்டினார். அண்ணை வாதாடவில்லை. வெள்ளைச் சேட்டு, தோய்த்து மினுக்கியது. வாக்குப் போடப் போகிற ஒருவரின் உடுப்பு.

வரிசையில் நின்ற அரை மணித்தியாலமும், உள்ளே இருக்கும் இடாப்பிலாவது என் பெயர் இருக்குமா என்று எனக்கு வியர்த்தது. இருந்தது. உரக்க வாசித்தார்கள். விரலில் மை பூசினார்கள். நீண்ட சீட்டு ஒன்றைத் தந்தார்கள். அட்டை மறைப்புக்குள் போனேன். பென்சிலை எடுத்தேன். முப்பது ஆண்டுப் பழக்கம் இருக்கிறதே, அது யோசிக்காது. என் ஆளுக்கு நேரே கை தானாகவே ஒரு புள்ளடி போட்டுவிட்டது.

போட்டபிறகுதான் உறைத்தது. இலக்கம் போடுவதானால் ஒன்று, இரண்டு என்றுதான் போட வேண்டும். புள்ளடியும் போட்டு இன்னொருவருக்கு இரண்டும் போட்டால் சீட்டே செல்லாது. சுவரில் பெரிதாக ஒட்டியிருந்தார்கள். இனி அண்ணையின் ஆளுக்கு இரண்டு கூடப் போட முடியாது. இப்படியே மடித்துப் போட்டால் என் வாக்கு நல்ல வாக்கு. யாருக்கும் தெரியாது. அட்டை மறைப்பு அதற்குத்தானே இருக்கிறது.

அரைச்சுவருக்கு மேலால் வெளியே தெரிந்தது. மதிலுக்கு அப்பால் வெள்ளைச் சேட்டு. கழுத்தை நீட்டி, எந்த மறைப்புக்குள் நான் நிற்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகளில் ஒரு வாக்குக்கு அவர் இவ்வளவு கிட்ட வந்ததில்லை. இடையில் ஒரு பள்ளிக்கூட முற்றம்.

எந்த அலுவலகத்திலும் இரண்டாம் முறை எதையும் கேட்டுப் பழக்கமில்லாத நான், சீட்டை மடித்துக்கொண்டு, பெட்டியைத் தாண்டி, பொறுப்பதிகாரியின் மேசைக்குப் போனேன். கால்கள் போயின என்பதுதான் சரி.

"பிழைச்சுப் போச்சு ஐயா. வேறை ஒண்டு தரேலுமோ?"

மண்டபத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கட்சி முகவர்கள் மூவர் கழுத்தை நிமிர்த்தினார்கள். பொறுப்பதிகாரி சீட்டை வாங்கிப் பிரிக்காமலே மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"என்ன பிழை?"

"அவசரத்திலை புள்ளடி போட்டிட்டன். இலக்கம் போட நினைச்சு வந்தனான்."

"இவ்வளவு வயசுக்கு இப்பிடியோ?" என்றார். முகவர்களைப் பார்த்தார். ஒரு புத்தகத்தைப் புரட்டினார்.  கடைசியில் பழைய சீட்டின் மேல் ஏதோ எழுதி ஒரு உறையில் போட்டார். புதியது ஒன்று தந்தார். "இதையும் பழுதாக்கிப்போட்டு வராதேங்கோ."

மறைப்புக்குள் இந்தமுறை இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். அண்ணையின் ஆளுக்கு ஒன்று. என் ஆளுக்கு இரண்டு.

ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் சீட்டைக் கேட்டு வாங்கியது அவருக்காக. அதில் அவரை இரண்டாவதாக எழுத முடியவில்லை. அவ்வளவுதான். மடித்தேன். பெட்டிக்குள் போட்டேன். திரும்ப எடுக்க முடியாத ஓசை ஒன்று கேட்டது.

படலையடியில் அண்ணை பாய்ந்து வந்தார். "ஏன்ராப்பா திரும்பிப் போனனி? மேசையடியிலை என்ன கதைச்சனி? உள்ளுக்கும் உன்னை வெட்டிப்போட்டாங்களோ?"

"இல்லை. சீட்டு மாத்தி எடுத்தனான்."

"எதுக்கு?"

"உங்கடை ஆளுக்குப் போட."

நின்றார். என் விரலைப் பிடித்து மையைப் பார்த்தார். அது காய்ந்துவிட்டதா என்று தன் பெருவிரலால் ஒருமுறை தேய்த்தும் பார்த்தார்.

"ரெண்டுதானே?"

"ஒண்டு."

 அண்ணை சேட்டுப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சீறினார். வெய்யில் என்றார். காலை எட்டு மணிக்கு வெய்யில் இல்லை. பிறகு நிமிர்ந்து, நான் அறிந்த அண்ணையாக, "இனிப் பார், எங்கடை ஆள் வெல்லுவார்" என்றார்.

அந்தாள் வென்றால் இந்த நாடு என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாக்கால் வென்றால் அது யாருடைய வாக்கு என்பதும் தெரியும். அண்ணை கை வீசி முன்னே நடந்தார். நான் வாக்குப் போட்டவர் தோற்க வேண்டும் என்று, என் வாழ்நாளில் முதல் தடவையாக, மனதுக்குள் வேண்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன்.